இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே: மூச்சுத்திணறலோடு பிறந்த ஒரு குழந்தை – நிகழ்வு ஆய்வு

## இந்தப் பதிவு பற்றி

பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்து காயப்பட்ட ஓர் ஆண் குழந்தையின் முதல் இரண்டே கால் ஆண்டுகள் இங்கே பதிவாகின்றன. மருத்துவமனைத் தாள்களில் இந்தக் காயத்துக்கு எச்.ஐ.இ. என்று பெயர். வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள சிறு குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்றில், அதாவது எல்லோரும் டி.இ.ஐ.சி. என்று சொல்லும் இடத்தில், நான் வேலை செய்கிறேன். குழந்தை எங்களிடம் வந்தது ஏழு மாதம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் நடந்தவற்றை மருத்துவத் தாள்களிலிருந்தும், தாய், தந்தை, அப்பா வழிப் பாட்டி, தாய்மாமன் ஆகியோர் சொன்னதிலிருந்தும் தொகுத்திருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதம் உண்டு. பெயர், ஊர், மருத்துவமனை எல்லாம் விடப்பட்டுள்ளன.

இந்தக் காயத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்தையே சுற்றி வரும். இந்தக் குழந்தைக்கு அந்த ஆறு மணி நேரம் ஓரளவு நன்றாகவே கையாளப்பட்டது. நழுவியது அதற்கப்புறம், எல்லோரும் நிம்மதியாக இருந்த மாதங்களில்.

## பின்னணி

தாய்க்கு 26 வயது, முதல் பிரசவம். தந்தை டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார். புகுந்த வீடு மேற்கு மாவட்டம் ஒன்றில். தாய்வீடு காவிரி டெல்டாவில். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் முறையாக நடந்தன. ஹீமோகுளோபின் 10.2, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். இந்த நிகழ்வில் அந்த வழக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதால் இங்கேயே குறித்துவைக்கிறேன்.

2022 மே மாதம், 39 வாரம் முடிந்த நிலையில் இரவு பத்து மணி வாக்கில் வலி எடுத்தது. தாய்வீட்டுக்குப் பக்கத்து ஊரில் இருந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

## பிரசவமும் முதல் ஒரு மணி நேரமும்

விடியற்காலை 3.40க்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சையாக, கெட்டியாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அதிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பை அடிக்கடி கேட்டுக் குறித்திருக்க வேண்டும். பிரசவத் தாளில் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. கேட்டும் எழுதாமல் விட்டார்களா, கேட்கவே இல்லையா என்பதைத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அன்றிரவு அந்த வார்டில் ஒரே நேரத்தில் மூன்று பிரசவங்கள் என்பது மட்டும் தெரிகிறது.

4.35க்கு இதயத் துடிப்பு 80க்கு இறங்கியது. தலை கீழே இறங்கிவிட்டிருந்ததால் அறுவைசிகிச்சைக்குப் போகாமல் வாக்குவம் (தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி) வைத்து எடுத்தார்கள். 4.52க்கு 2.9 கிலோ எடையில் பிறந்த குழந்தை அழவில்லை. உடல் தொய்ந்து கிடந்தது.

பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். இதயத் துடிப்பு 60க்குக் கீழே இருந்ததால் மார்பையும் அழுத்தினார்கள். நான்காவது நிமிடத்தில் துடிப்பு நூறைத் தாண்டியது. குழந்தை தானாக மூச்சை இழுத்தது ஒன்பதாவது நிமிடத்தில். பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 2, ஐந்தாவதில் 4, பத்தாவதில் 5. பத்தாவது நிமிடத்திலும் 5க்கு மேல் ஏறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலத்தன்மை பார்க்கும் வசதி அங்கே இல்லை.

அந்த இரவுப் பணி மருத்துவர் அடுத்ததாகச் செய்ததைப் பாராட்டியே ஆகவேண்டும். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. 5.30க்குள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குப் போன் செய்தார். அங்கிருந்து மூன்று விஷயங்கள் சொன்னார்கள்: வார்மரை (குழந்தையைச் சூடாக வைக்கும் கருவி) அணைத்துவிடுங்கள், ஐஸ் எதுவும் வைக்காதீர்கள், கால்மணிக்கு ஒருமுறை ஆசனவாய் வழியாக வெப்பநிலை பார்த்து 33க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கு இது புரியவில்லை. வெளியே நின்றிருந்த அம்மா வழிப் பாட்டி, "பச்சை உடம்ப இப்படித் திறந்து போட்டா ஜன்னி கண்டுடாதா?" என்று சண்டைக்கே போய்விட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. மற்ற எல்லாப் பிறந்த குழந்தைக்கும் கதகதப்புதான் முதல் சிகிச்சை. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். இந்த ஒரு நிலையில் மட்டும் சூடு ஏறினால் மூளைக்குக் கெடுதல் கூடும். அந்தக் காரணத்தை யாராவது இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை.

6.20க்கு 108 வண்டி கிளம்பியது. தந்தையும் தாய்மாமனும் கூடப் போனார்கள். தாய் அங்கேயே இருந்தார்.

## குளிர்விப்பதா, வேண்டாமா?

7.55க்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூன்று மணி நேர வயது. உடல் வெப்பநிலை 34.4 டிகிரி செல்சியஸ். மந்தமாக இருந்தது, தொட்டால் மெதுவாக அசைந்தது. தசைகள் தளர்ந்திருந்தன, உறிஞ்சும் சக்தி மிகக் குறைவு, திடுக்கிடும் அனிச்சை அரைகுறை, கண்மணிகள் சுருங்கியிருந்தன. இந்தக் காயத்தின் தீவிரத்துக்குச் சார்னட் தம்பதி 1976இல் வகுத்த மூன்று நிலைகளில் இது இரண்டாவது, அதாவது நடுத்தரக் காயம். ரத்தச் சர்க்கரை 38. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அடிபட்ட மூளைக்குச் சர்க்கரைக் குறைவு இன்னொரு அடி.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பெரிய முடிவு எடுக்கப்பட்டது. அதன் பின்னணியைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் பயனில்லை.

ஆக்சிஜன் குறைந்த மூளை ஒரே அடியில் காயப்படுவதில்லை. மூச்சு திரும்பியதும் செல்கள் கொஞ்சம் தேறுகின்றன; சில மணி நேரம் கழித்து ஆற்றல் மறுபடி சரிந்து இரண்டாவது அலை வருகிறது. அந்த இடைவெளியில் உடலைக் குளிர்வித்து மூளையின் வேகத்தைக் குறைத்தால் இரண்டாவது அலை தணியும். 36 வாரத்துக்குமேல் வளர்ந்த குழந்தை, பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடக்கம், 33.5 டிகிரியில் 72 மணி நேரம், பிறகு மெதுவாகச் சூடேற்றம் என்பது முறை. 2005க்குப் பிறகு வெளியான மேலைநாட்டு ஆய்வுகளில் இதனால் மரணமும் ஊனமும் குறைந்தன. அங்கெல்லாம் இது வழக்கமான சிகிச்சை.

நம் பக்கத்தில் கதை அவ்வளவு நேராக இல்லை. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். மரணம், ஊனம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பலன் தெரியவில்லை. நம் குழந்தைகளில் பலருக்கு ஆக்சிஜன் குறைவு பிரசவத்துக்கு முன்பே மெதுவாகத் தொடங்கி நீடித்திருக்கலாம், அப்படியானால் அந்த இடைவெளி பிறப்பதற்குள் மூடியிருக்கும் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அந்த ஆய்வு வந்த பிறகு சில பிரிவுகள் குளிர்விப்பதை நிறுத்தின. சில, குழந்தையைத் தேர்ந்தெடுத்துத் தொடர்கின்றன.

பணியில் இருந்த மூத்த மருத்துவர் இதை மறைக்கவில்லை. தந்தையையும் தாய்மாமனையும் உட்காரவைத்துப் பேசினார். தந்தை இன்றும் அப்படியே சொல்லிக்காட்டுகிறார்: "அடுப்ப அணைச்ச பிறகும் பானைக்குள்ள சோறு வெந்துக்கிட்டுதான் இருக்கும், இல்லையா? பானைய இறக்கி ஆற வைக்கிற மாதிரிதான் இது. ஆனா நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு இது எல்லாருக்கும் உதவுதுன்னு சொல்ல முடியல. சிலருக்குக் கெடுதலும் ஆகியிருக்கு."

அப்புறம் ஏன் குளிர்வித்தார்கள்? கேஸ் ஷீட்டில் காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. குழந்தையின் வளர்ச்சி சரியாக இருந்தது; கர்ப்பகாலச் சிக்கல் எதுவும் இல்லை; தொற்றின் அறிகுறி இல்லை; இதயத் துடிப்பு சரிந்த நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே காயம் பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆறு மணி நேரம் முடியவில்லை. வென்டிலேட்டரும் இரவு பகலாகச் செவிலியரும் இருந்தார்கள். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்திருந்தாலும் குளிர்வித்திருக்க மாட்டோம் என்ற வரியும் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துச் சான்றையும் எழுதிவைத்து முடிவெடுத்த கேஸ் ஷீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

தந்தை கையெழுத்துப் போட்டார். 9.40க்கு, பிறந்து ஐந்து மணி நேரம் ஆகும் முன், குளிர்விப்பு தொடங்கியது.

## அந்த மூன்று நாட்கள்

பயன்படுத்தியது விலை உயர்ந்த இயந்திரம் அல்ல. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகி உடலின் சூட்டை இழுத்துக்கொள்ளும் பொருள் நிரப்பிய படுக்கை. இந்த முறையை நம் நாட்டில் வளர்த்தெடுத்ததில் வேலூர் சி.எம்.சி.க்குப் பங்கு உண்டு. மின்சாரத்தை நம்பி இருக்கவேண்டியதில்லை என்பது இதன் சௌகரியம். ஆனால் வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளாது. ஒரு செவிலியர் அளவைப் பார்த்துப் பார்த்துத் தகடுகளை வைக்கவும் எடுக்கவும் வேண்டும். 33க்கும் 34க்கும் நடுவில் 72 மணி நேரம் ஓடிய அந்தத் தாள் முழுக்கச் செவிலியர்களின் கையெழுத்துதான்.

முதல் நாள் பிற்பகல் வலிப்பு வந்தது. நாம் நினைக்கிற மாதிரி கை கால் வெட்டி இழுக்கவில்லை; வாயைச் சப்புக்கொட்டியது, கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைந்தன. பினோபார்பிட்டோன் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரவில் மறுபடி வந்தபோது இன்னொரு மருந்து சேர்ந்தது. அதோடு அடங்கியது. இதயத் துடிப்பு 95க்கு இறங்கியது. குளிர்விப்பில் அது எதிர்பார்க்கப்படுவதுதான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 92,000க்குக் குறைந்தன, ரத்தக்கசிவு இல்லை. நான்காம் நாள் காலையிலிருந்து மணிக்கு அரை டிகிரி வீதம் சூடேற்றினார்கள். அந்தக் கட்டத்தில் வலிப்பு திரும்பலாம் என்பதால் கூடுதல் கண்காணிப்பு. ஒருமுறை சிறிதாக வந்து நின்றது.

இரண்டாம் நாள் தந்தையை உள்ளே விட்டார்கள். கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் காலைத் தொட்டிருக்கிறார். "சில்லுன்னு இருந்துச்சு. உசுரு இல்லன்னே நெனச்சுட்டேன்." குளிர்விப்பைப் பற்றி அரை மணி நேரம் விளக்கம் கேட்டவருக்கே அப்படி. தொட்டால் குளிர்ந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், அசைவு குறைவாக இருக்கும் என்று உள்ளே நுழையும் முன் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

தாயின் நிலைமை இன்னும் மோசம். முதல் மருத்துவமனையில் தையலோடு படுத்திருந்தார். "பிள்ளை பெட்டிக்குள்ள நல்லா இருக்கு" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். யாரும் நேராகப் பார்த்துச் சொல்லவில்லை என்பதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குழந்தை இறந்துவிட்டதாகவே இரண்டு நாள் நம்பியிருக்கிறார். பால் கட்டி மார்பு வலித்தபோதும், "இப்ப எதுக்கு" என்று யாரும் பீய்ச்சி எடுக்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை தாய்மாமன் ஆட்டோ வைத்து அழைத்துப் போனார். அன்றிரவே மருத்துவக் கல்லூரியின் செவிலியர் ஒருவர் கையால் பீய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். குழந்தைக்குப் போன முதல் உணவு அந்த சீம்பால்தான், குழாய் வழியே 2 மில்லி.

## எம்.ஆர்.ஐ.யும் பதில் இல்லாத கேள்வியும்

ஆறாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் ஆழத்தில், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளான தலாமஸிலும் புட்டாமெனிலும் இரண்டு பக்கமும் சிறு மாற்றங்கள். மூளையிலிருந்து உடலுக்குக் கட்டளை இறங்கும் பாதையில் ஒளிர்வு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வெளிப்புற மூளை பெருமளவு தப்பியிருந்தது. எளிதாகச் சொன்னால், அறிவைவிட உடல் அசைவுக்குத்தான் ஆபத்து அதிகம் என்ற படம்.

"என் பையன் நடப்பானா?" என்று தந்தை கேட்டார். மருத்துவர் சதவீதம் எதையும் சொல்லவில்லை. "அசைவில் சிரமம் வர வாய்ப்பு நிறைய இருக்கு. எவ்வளவுன்னு மூணு நாலு மாசத்துல குழந்தையே காட்டும். அப்ப கண்டிப்பா கொண்டுவாங்க" என்றார். சொன்னது மிகச் சரி. கேட்டவர்கள் மனதில் தங்கியது வேறு: "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம்." தாய்மாமன் போனில் தேடிப் படித்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

இதற்கிடையே முதல் மருத்துவமனைமீது புகார் கொடுக்கலாமா என்று குடும்பத்துக்குள் வாக்குவாதம். தந்தையின் அண்ணன் வக்கீலைப் பார்க்கச் சொன்னார். தாய் ஒப்பவில்லை, மூச்சுக் கொடுத்துப் பிழைக்கவைத்ததும் அதே ஆட்கள்தானே என்றார். வழக்கு போடவில்லை. பிரசவத் தாளின் இடைவெளி மாவட்ட அளவிலான ஆய்வுக் கூட்டத்தில் பேசப்பட்டது என்பதோடு அந்த விஷயம் நின்றது.

எட்டாம் நாள் பாலாடையில் பால் குடித்தது. பதினோராம் நாள் மார்பில் உறிஞ்சியது. பதினான்காம் நாள் ஒரே ஒரு வலிப்பு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சிரித்த முகத்தோடு எல்லோரும் கிளம்பினார்கள். வாசலில் திருஷ்டி கழித்து உள்ளே அழைத்தார்கள்.

## நழுவிய மாதங்கள்

டிஸ்சார்ஜ் தாளில் ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் வரச் சொல்லி எழுதியிருந்தது. அதன் கீழே "டி.இ.ஐ.சி.யில் காட்டவும்" என்று ஒரு வரி. எந்த மாவட்டத்து மையம் என்று இல்லை. தாய்வீட்டு முகவரியைக் கொடுத்திருந்ததால் பிறந்த மாவட்டத்து மையத்தின் பட்டியலில் பெயர் ஏறியது.

ஆறாவது வாரம் போனார்கள். காது கேட்கும் பரிசோதனையில் இரண்டு காதும் சரி. எடை ஏறியிருந்தது. இரண்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரித்தான். வலிப்பு இல்லை, மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மாதப் பரிசோதனை ஆடியில் வந்தது. ஆடி கழிந்து ஆவணியில் பிள்ளையை அழைத்துக்கொள்வதாகப் புகுந்த வீட்டார் சொல்லியிருந்தார்கள். பிரயாண ஏற்பாட்டில் அந்தத் தேதி தவறியது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாயும் சேயும் இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார்கள்.

பிறந்த மாவட்டத்து மையம் இரண்டு முறை போன் செய்திருக்கிறது. அது தாய்மாமனின் எண். "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்ற பதிலோடு பதிவு முடிந்தது. புதிய ஊரின் சுகாதாரச் செவிலியருக்கு இது தடுப்பூசி போடவேண்டிய இன்னொரு குழந்தை, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் தாள் பட்டுப்புடவையோடு பீரோவில் இருந்தது.

எந்த மாதங்கள் இவை என்பதைப் பார்க்கவேண்டும். ஒன்பதாவது வாரத்திலிருந்து இருபதாவது வாரம் வரை, ஆரோக்கியமான குழந்தை மல்லாந்து கிடக்கும்போது உடல் முழுவதும் ஓயாத சிறு அசைவுகள் ஓடும். அவை இல்லையென்றால் பெருமூளை வாதத்துக்கு, அதாவது மூளைக் காயத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலைக்கு, வாய்ப்பு அதிகம். பழகிய கண்ணுக்கு மூன்று நான்கு நிமிட வீடியோ போதும். எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த ஜன்னல் திறந்திருந்த வாரங்களில்தான் குழந்தை ஒரு மாவட்டத்தின் பட்டியலில் பெயராகவும், இன்னொரு மாவட்டத்தில் ஆளாகவும் இருந்தான்.

ஒருவர் கவனித்திருந்தார், அப்பா வழிப் பாட்டி. தினமும் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுபவர் அவர்தான். நான்காம் மாதமே மருமகளிடம் சொல்லியிருக்கிறார்: "கைவிரலப் பிரிச்சு எண்ணெ தடவ முடியல, கட்டைவிரல உள்ளயே மடக்கி வெச்சிருக்கான். தொடையும் விறைப்பா இருக்கு, துணி மாத்த காலு விரிய மாட்டேங்குது." ஐந்து பிள்ளைகளையும் அதற்குமேல் பேரப்பிள்ளைகளையும் குளிப்பாட்டிய கை அது. நரம்பியல் பரிசோதனையில் நாங்கள் தேடுவதும் இதே இரண்டையும்தான். ஆனால் அவர் பேச்சுக்கு வீட்டில் கிடைத்த பதில், "ஆம்பளப் பிள்ளைங்க எல்லாம் மெதுவாத்தான் வரும்." பாலாரிஷ்ட தோஷம் என்று ஜோசியர் சொல்ல, கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் செய்துவந்தார்கள். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, நாள்தான் போனது.

## ஏழாம் மாதம்

டிசம்பர் கடைசியில் அம்மை தடுப்பூசி பற்றிப் பேச வந்த செவிலியர், குழந்தையைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார். தலை பின்னால் சாய்ந்தது. கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொண்டன. "பிறந்தப்ப அழுதானா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பீரோ திறந்தது. தாளைப் படித்துவிட்டு மறுநாளே எங்களிடம் அனுப்பினார்.

நாங்கள் பார்த்தது: தலை நிற்பது அரைகுறை, இரண்டு கைகளும் பெரும்பாலும் மூடியே, கால்களில் இறுக்கம், பொருளை நோக்கிக் கை நீட்டினால் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையில் 78க்கு 52. அதேசமயம் கண் நம்மைத் தொடர்ந்தது, குரல் வந்த பக்கம் திரும்பினான், அம்மாவுக்கும் அந்நியருக்கும் வித்தியாசம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. சொன்ன கதையும் இதுவும் ஒத்துப்போயின.

நோயின் பெயரை அப்போதே சொல்வதா, ஒரு வயது வரை காத்திருப்பதா என்று எங்களுக்குள் பேசினோம். காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பெயர் தெரியாத குடும்பம் பயிற்சிக்கும் வராது, வேறு யாராவது தரும் பெயரோடு வேறெங்கோ போய்விடும் என்பது என் அனுபவம். இரண்டாவது சந்திப்பில், இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, பெருமூளை வாதம் என்று சொன்னோம். இது பரவாது, கூடிக்கொண்டே போகும் நோயல்ல, காயம் ஆறாது, ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ளும் என்றோம். தாய் அழுதார். பாட்டி, "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரையும் குத்திக்காட்டவில்லை, "இப்ப என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

## எடுத்த முடிவுகள்

வீட்டிலிருந்து மையத்துக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும். வாரம் மூன்று நாள் வாருங்கள் என்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார்கள். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் வரச் சொல்லி, பயிற்சியை வீட்டின் அன்றாட வேலைகளுக்குள் வைத்தோம். எண்ணெய்க் குளியல் பாட்டியின் நேரம். தேய்க்கும்போதே கால்களை மெதுவாக விரித்துப் பிடிப்பது, உள்ளங்கையைத் திறந்து தன் கன்னத்தில் வைத்துக்கொள்வது. கைகாலை இழுத்து முறிக்கும் முரட்டு உருவுதல் மட்டும் கூடாது என்றோம். தண்ணீரை மூக்கில் ஊற்றி ஊதுவதையும் நிறுத்தச் சொன்னோம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விட்டார்.

உட்கார மூலை நாற்காலி ஒன்று தேவைப்பட்டது. படம் வரைந்து கொடுத்ததை ஊர்த் தச்சர் பழைய பலகையில் செய்துதந்தார். அதில் உட்காரவைத்து எதிரே எவர்சில்வர் டம்ளரை வைத்தால், அதன் சத்தத்துக்காகவே கையை நீட்டினான். பயிற்சி என்றால் நாம் குழந்தையின் கையை அசைத்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிதாக உதவாது. குழந்தை தானாக ஒன்றை விரும்பி முயல வேண்டும், மறுபடி மறுபடி முயல வேண்டும்.

சாப்பாட்டில் நேரம் அதிகம் செலவானது. மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இருமலும் சளியும் அதனால்தான். நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, கேழ்வரகுக் கூழைக் கெட்டியாக்கிக் கரண்டியின் நுனியில் கொடுக்கக் கற்றுக்கொடுத்தோம். சளி குறைந்தது, எடை ஏறியது.

பத்தாம் மாதம் குழந்தை அடிக்கடி திடுக்கிட்டுக் கைகளை விரித்தான். மூளைக்காயம் உள்ள குழந்தைகளுக்கு இந்த வயதில் வரக்கூடிய ஒருவகை வலிப்பு இப்படித்தான் தொடங்கும் என்பதால், வந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தோம். தாய் எடுத்து அனுப்பினார். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுத்துப் பார்த்தோம். வலிப்பு இல்லை, சத்தத்துக்கு வரும் திடுக்கிடல்தான்.

பதினோராம் மாதம் ஒரு சோதனை வந்தது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்று பெருநகரத் தனியார் மையம் ஒன்றைப் பற்றி உறவினர் சொல்ல, நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார்கள். பெருமூளை வாதத்துக்கு ஸ்டெம் செல்லை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் தவிர வேறு எங்கும் கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். ஆய்வுக்குள் சேர்ப்பவர்கள் பணம் வாங்கவும் கூடாது. "காசு கேட்டாங்களா?" என்று தந்தையிடம் கேட்டேன். "முன்பணமே ஒரு லட்சம்" என்றார். அவருக்கே புரிந்துவிட்டது. போகவில்லை.

## இப்போது

குழந்தைக்கு இரண்டே கால் வயது. பதின்மூன்றாம் மாதம் தனியாக உட்கார்ந்தான். இருபதாம் மாதம் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது கணுக்காலில் பட்டை அணிந்து, பின்னால் செங்கல் கட்டிக் கனமாக்கிய மர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு திண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறான். வலது கை நன்றாகத் திறக்கிறது, இடது கை மெதுவாக. பத்து வார்த்தைகள்வரை பேசுகிறான். சொன்னது எல்லாமே புரிகிறது. வலிப்பு இல்லை. நான்காம் மாதமே தொடங்கியிருந்தால் இதைவிட எவ்வளவு முன்னே இருந்திருப்பான் என்று கணக்குப் போட முடியாது. கையின் இறுக்கமும் சளியால் இழந்த எடையும் குறைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். குளிர்வித்ததால்தான் இவ்வளவாவது தப்பியது என்றும் ஒரு குழந்தையை வைத்துச் சொல்லிவிட முடியாது.

## மாற்றியவையும் மாற வேண்டியவையும்

எங்கள் மையமும் பிறந்த மாவட்டத்து மையமும் பேசி முடிவுசெய்த முதல் மாற்றம் சின்னது. டிஸ்சார்ஜ் படிவத்தில் இரண்டு முகவரி: தாய்வீடு, புகுந்த வீடு. கூடவே, எந்த மாதம் எங்கே இருப்பார்கள் என்று ஒரு வரி, தந்தையின் போன் எண் ஒன்று. குழந்தை இடம் மாறும் மாதத்துக்கு முன்பே இந்த மையம் அந்த மையத்தைக் கூப்பிட வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் நேரில் வர முடியாதவர்கள் வீடியோ அனுப்பலாம். குழந்தை விழித்து, பசியில்லாமல், மல்லாந்து கிடக்க வேண்டும். யாரும் தொடக்கூடாது, பேசக்கூடாது, கிலுகிலுப்பை ஆட்டக்கூடாது. முதலில் வந்த வீடியோக்களில் எல்லாம் யாரோ ஒரு அத்தை கொஞ்சிக்கொண்டிருந்தார். இப்போது பரவாயில்லை.

பேசுவதற்குத் தாயை மட்டும் அழைப்பதையும் விட்டுவிட்டோம். குளிப்பாட்டுபவர் யார் என்று கேட்டு அவரையும் வரச்சொல்கிறோம். கை மூடியிருக்கிறதா, துணி மாற்றும்போது கால் விரிகிறதா, ஒரு பக்கமே அசைகிறதா என்ற மூன்று கேள்விகளும் அவரிடம்தான்.

பிரசவ வார்டில் ஐம்பது நிமிட இடைவெளி விழாமல் பார்ப்பதும், தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதும் எங்கள் கையில் இல்லை. தாயைக் குழந்தையிடமிருந்து மூன்று நாள் பிரித்துவைத்ததற்கு மட்டும் வசதிக்குறைவு காரணமல்ல. அந்த வண்டியிலேயே இல்லாவிட்டாலும் மறுநாள் அனுப்பியிருக்கலாம். பிரசவித்த பெண்ணுக்கு அங்கேயும் ஒரு வார்டு உண்டு.

குழந்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்துவிட்டது. இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று பார்க்க அடுத்த எக்ஸ்ரே மார்கழியில். அங்கன்வாடியில் சேர்க்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூலை நாற்காலியை அங்கே கொண்டுபோக அந்த டீச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார், நடைவண்டிக்குத்தான் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.